வாய்க்கொழுப்பு

நாற்காலி பின்னுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை மேலே இருந்து பிரம்பு நாரை ஓட்டைக்குள் விடும். இன்னொரு கை அடியில் இருந்து அதை வாங்கி, முறுக்கு விழாமல் இழுத்து, அடுத்த ஓட்டை வழியாக மேலே அனுப்பும். மேல் கைக்குக் கண் துணை உண்டு. கீழ்க் கைக்கு அது கிடையாது. தடவித் தடவியே எல்லாம் செய்ய வேண்டும். சின்னவளின் கணவனுக்குப் போனது அந்தக் கீழ்க் கை. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் இல்லை. உள்ளங்கை, பிரித்து மறுபடி தைத்த பழைய பை போல இருந்தது.

அதனால் நாற்காலிக்கு அடியில் இப்போது சின்னவள் உட்கார்ந்தாள். பகலெல்லாம் தெருமுனைச் சலவைக் கடையில் இஸ்திரி போடுவாள். சாயங்காலம் வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டறையில் இரண்டு முக்காலிகளின் மேல் தூக்கி வைத்த நாற்காலிக்குக் கீழே, சாக்கை விரித்து உட்காருவாள். மேலே அவன், கீழே அவள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "ம்" என்பான், நார் நுனி ஓட்டை வழியாக வரும். இழுத்து, "ம்" என்பாள். நார் நழுவாமல் இருக்க அவன் ஓட்டையில் ஒரு மரமுளையைச் செருகுவான். ஆரம்பத்தில் நார் அவள் விரலைக் கீறிக் கீறிப் புண்ணாக்கியது. போகப்போகத் தோல் தடித்துவிட்டது.

அது அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து நடத்துகிற பட்டறை. பழைய மரச்சாமான்களைச் சரி செய்து கொடுப்பார்கள். கீழே பட்டறை, மாடியில் வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அண்ணனான பெரியவருக்குத் தச்சு. நொண்டுகிற மேசை எதுவானாலும் அவரிடம் வந்துவிட்டால் நாலு காலையும் ஊன்றி நிற்கும். அளவு எடுத்தால் ஒரு தரம்தான் எடுப்பார். "ரெண்டாவது தரம் அளக்கறவன் முதல் தரம் தூங்கிட்டிருந்தான்னு அர்த்தம்" என்பார். தம்பிக்குப் பிரம்பும் பாலீஷும். அவன் சுத்தக்காரன். மரத்தூள் பறக்கிற இடத்தில் நாள் முழுக்க நின்றாலும் சட்டை மடிப்பு கலையாது. தெருவில் அவனுக்கு மடிப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள். "மடிப்பு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். அந்த மடிப்பைப் போட்டுக் கொடுக்கிறவள் என்பதில் சின்னவளுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அவன் கையைக் கொண்டுபோன துப்பாக்கி வந்த கதை சாதாரணமானது. இடிக்கப்போகிற ஒரு பழைய பங்களாவிலிருந்து அலமாரி எடுக்கப் போனார் பெரியவர். அலமாரிக்குப் பின்னால் சாக்குத் துணியில் சுற்றியபடி அது நின்றுகொண்டிருந்தது. "அதையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுங்க. என் சம்சாரம் கண்ணுல பட்டா எனக்கு நிம்மதி போயிடும்" என்றாராம் வீட்டுக்காரர். பெரியவருக்கு முதலில் அதன் கட்டைதான், தோளில் முட்டுக்கொடுக்கிற மரப்பகுதிதான், பிடித்தது. அக்ரூட் மரம். விரிசல் விட்டிருந்ததை ஒட்டி, தேய்த்து, தம்பியிடம் பாலீஷுக்குக் கொடுத்தார். அப்படியே அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

நீளத் துப்பாக்கி. குழல் ஒன்றுதான். குழலுக்குப் பின்னால் ஓர் இரும்பு உருளை; அதில் வட்டமாக ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் முன்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். ஒன்றைச் சுட்டதும் உருளை சுற்றி, அடுத்த அறை குழலுக்கு நேராக வரும். ஒவ்வொரு குண்டுக்கும் நின்று மருந்து திணித்த காலத்தில், நிற்காமல் ஆறு சுடலாம் என்று யாரோ ஆசைப்பட்டுச் செய்தது.

இந்த மாதிரித் துப்பாக்கிகளிலேயே ஊறிப்போனவர் ஒருவர் இருந்தார். நிலம் அளக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சர்வேயர் என்றே கூப்பிடுவார்கள். அனுமதிக் காகிதங்களுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். விடுமுறை நாட்களில் அவரும் அவருடைய சிநேகிதர்களும் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் பலகையை நிறுத்திச் சுட்டு விளையாடுவார்கள். ஒரு நாள், கட்டை பழுதான தன்னுடைய துப்பாக்கிகளைச் சரி செய்ய எடுத்துவந்து, பட்டறை மேசையில் வரிசையாகப் பரப்பினார். சின்னவள் டீ கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒன்றில் நாலு குழல், விரித்த வாத்துக்கால் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாலு பேர் ஒண்ணா மேல பாய்ஞ்சா, ஒரே அழுத்துல நாலு பேரையும் சுடலாம்" என்றார் சர்வேயர்.

"நாலு பேரும் இதே அகலத்துக்குப் பிரிஞ்சு நிக்கணுமே" என்றார் பெரியவர்.

"நிக்கச் சொல்லணும்."

"அஞ்சாவதா ஒருத்தன் வந்தா?"

"கொஞ்சம் உட்காருப்பா, மருந்து ரொப்பிட்டு வந்துடறேன்னு டீ வாங்கிக் கொடுக்கணும்."

தம்பிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொன்றில் ஒரே குழலுக்குள் இரண்டு வேட்டு, ஒன்றின் மேல் ஒன்று. முன்னால் இருப்பதற்கு ஒரு விசை, பின்னால் இருப்பதற்கு ஒரு விசை.

"பின்னாடி விசையை மறந்துபோய் முதல்ல இழுத்துட்டா?" என்று கேட்டான்.

"இழுத்தவர் பேரைக் கல்லுல வெட்ட ஆள் பார்க்கணும்."

ஏழு குழலை ஒரு கட்டாகக் கட்டிய தடித் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. ஏழும் ஒரே நேரத்தில் வெடிக்குமாம். எதிரில் இருக்கிறவனுக்கு என்ன ஆகுமோ, சுடுகிறவன் தோள் இறங்கிவிடுவது நிச்சயம் என்றார். பிறகு பெரியவருடைய துப்பாக்கியைக் கையில் எடுத்து, உருளையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுவும் அந்த ஜாதிதான். பாக்க அழகு, நம்ப முடியாது. ஒரு அறை வெடிக்கும்போது நெருப்புப் பொறி பக்கத்து அறை வாய்க்குத் தாவும். தாவுச்சுன்னா அதுவும் கூடவே வெடிக்கும். அதுக்கு எதிர்ல குழல் கிடையாது. அதனால மருந்து ரொப்பினதும் ஒவ்வொரு வாயிலயும் கொழுப்பை அப்பி அடைச்சிடணும். மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு ஆகாது. இதுக்கு அது இல்லாம ஆகாது."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள்.

விபத்து நடந்த நாள் வெயில் நன்றாகக் காய்ந்தது. அண்ணனும் தம்பியும் குவாரிக்குக் கிளம்பினார்கள். தம்பி வெள்ளைச் சட்டை வேண்டும் என்று சின்னவளிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். சின்னவள் கடையில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாளா, கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாளா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி நடையில் பெரியவர் சுவரோரமாகக் குந்தியிருந்தார். மருந்து ரொப்பியது அவர். முதலில் தான்தான் சுட வேண்டும் என்று இருந்தவர், "நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கறேண்ணே" என்று தம்பி கேட்டதும் கொடுத்துவிட்டார். அவன் வலது கையால் விசையை இழுத்தான். இடது கையைக் குழலுக்கடியில் நீட்டிப் பிடித்திருந்தான். வெடித்தது ஓர் அறை அல்ல, மூன்று. ஒரு குண்டு குழல் வழியாகப் போயிற்று. பக்கத்து அறைகளின் குண்டுகள் குழலுக்கு வெளியே போய்க் கையில் பாய்ந்தன.

சர்வேயர் பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டார்: "வெடிக்காத அறைங்களைப் பார்த்தேன். வாய் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. கொழுப்புப் பூசினீங்களா இல்லையா?"

"பூசினேன்" என்றார் பெரியவர். பிறகு தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "பூசினேன்னுதான்... பேசிட்டே ரொப்பினேன். பூசினேன்னுதான் நினைக்கறேன்."

சின்னவளுக்கு அப்போது வந்த ஆங்காரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "நினைக்கறீங்களா? நினைக்கறீங்களா மாமா? உங்க விளையாட்டுச் சாமானுக்கு இவர் கைதான் கெடைச்சுதா? ஒரு கொழுப்பு டப்பாவை ஞாபகமாத் தொறக்கத் துப்பில்லாதவருக்குத் துப்பாக்கி எதுக்கு? உங்க கையை நீட்டியிருக்க வேண்டியதுதானே" என்றாள். வார்டு வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் மனைவி, அவள் அக்கா என்று கூப்பிடுகிற ஓரகத்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

போலீஸ் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துப் போயிற்று. வீட்டில் அதன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சின்னவள் பெரியவரிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே அடுப்பு, ஒரே மேசை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைப்பாள், ஆனால் வாய் திறக்க மாட்டாள். பெரியவர், தம்பியின் தட்டிலிருக்கும் இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி வைப்பார். ரொட்டியைப் பிய்த்து வைப்பார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.

பெரியவர் மாறியதை முதலில் கண்டவள் அக்காதான். "ஏண்டி, இவரு பட்டறையைப் பூட்டிட்டு மேல வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது பார்த்தியா?" என்றாள். பூட்டுவார். நாலடி நடப்பார். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படியில் கால் வைப்பார். மறுபடியும் போவார். ஒரு தரம் அளக்கிற மனுஷர் ஒரே பலகையை அளந்து அளந்து, பென்சில் கோடு கோடாக நிறைந்து, எந்தக் கோட்டில் அறுப்பது என்று தெரியாமல் நின்றார். "இந்த மூட்டுக்குப் பிசின் போட்டேனா?" என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பார். அவள் போட்டீர்கள் என்றாலும் கழற்றி மறுபடி போடுவார். பிசின் வழிந்து காய்ந்து, சாமான் கெட்டு, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒரு நாள் ரம்ப மெஷினில் பலகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, பிடிமானத்தை முறுக்கினோமா என்று சந்தேகம் வந்து பாதியில் திரும்பிவிட்டார். ரம்பம் அவர் சட்டைக் கையைக் கவ்வியது. அக்கா ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தாள். சட்டைதான் கிழிந்தது. சின்னவள் ரம்பப் பல்லில் சிக்கிய துணியை எடுத்துப் போட்டாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் பாலீஷ் துணியைப் பிடித்தபடி நின்ற தன் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டான் என்று நினைத்தாள்.

குளிர் ஆரம்பித்தது. கம்பளிகளை எடுக்க அலமாரியின் அடித்தட்டைக் கிளறியபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பை அகப்பட்டது. அன்றைக்கு அவன் போட்டிருந்த துணிகள். பிரிக்காமலே கிடந்தது. எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். சலவைக் கடைப் பழக்கம், துணி எதுவானாலும் பைகளைத் துழாவாமல் கை விடாது. கால்சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. அதில் ரத்தம் இல்லை. பழுப்பேறிய கொழுப்பு, வட்ட வட்டமாக. ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் கறுப்பாகக் கரித் தூள்.

அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள். மறுபடி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் ஒரு சாய்வு நாற்காலிக்குக் குறுக்கு இழை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சாமான் கொண்டுகொடுக்க வெளியே போயிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"அந்த ஆஸ்பத்திரிப் பையை இன்னிக்குப் பிரிச்சேன்."

அடுத்த நார் வரவில்லை. "அன்னிக்கே தூக்கிப் போடச் சொன்னேனே" என்றான் மேலிருந்து.

"போடத்தான் எடுத்தேன். உங்க கைக்குட்டை இருந்துச்சு. கொழுப்பா இருக்கு."

"டப்பாவை நான்தான் தூக்கிட்டுப் போனேன். கையில ஒட்டியிருக்கும். துடைச்சிருப்பேன்."

"கையைத் துடைச்சா கறை இழுத்த மாதிரி இருக்கும். இது வட்டமா இருக்கு. விரல்ல துணியைச் சுத்தி, ஒரு வாய்க்குள்ள விட்டுத் திருகி எடுத்த மாதிரி. ஆறு இருக்கு."

பின்னல் இடைவெளிகள் வழியாக அவனுடைய சட்டையின் வெள்ளை மட்டும் தெரிந்தது. பிறகு நார் நுனி ஓட்டை வழியாக இறங்கியது. அது ஆடிக்கொண்டிருந்தது. அவள் பிடிக்கவில்லை.

"அண்ணன் பலகை நிறுத்தப் போயிருந்தான்" என்றான். "துப்பாக்கியை என் மேல சாய்ச்சு வச்சிருந்தேன். வெயில்ல கொழுப்பு உருகி வழிஞ்சுது. சட்டைக் கைல சொட்டுச்சு. நீ தேச்சுக் குடுத்த சட்டை. கறை போகாதேன்னு... துடைச்சேன். எல்லா வாயையும் துடைச்சேன். சுத்தமா இருக்கட்டும்னு."

"சர்வேயர் சொன்னது ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"அவர் ஏதோ சொன்னார், சிரிச்சோம். சிரிச்சதுதான் ஞாபகம் இருந்துச்சு."

"கண் முழிச்சதும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அண்ணன் என் காலைப் பிடிச்சுட்டு அழுதுட்டிருந்தான். நீ பக்கத்துல நின்னு அவனை முறைச்சுட்டிருந்தே. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். நாளைக்கு வந்துச்சு. அன்னிக்கும் நாளைக்குன்னு விட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அவருக்குப் புத்தியே கலங்கிட்டு வருது. தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கு ரம்பத்துல கையைக் கொடுத்திருப்பாரே."

அவள் நாரைப் பிடித்து இழுத்தாள். தேவைக்கு மேல் வலுவாக இழுத்தாள். நார் அறுந்து கையோடு வந்தது. அறுந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு, "நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். இந்த நாற்காலி முடியறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றாள். அவன் மேல் அவ்வளவு கோபம் இருந்தும், அவளைக் குத்தியது வேறொன்று. உங்க கையை நீட்டியிருக்க வேண்டியதுதானே என்று தான் சொன்ன சொல் ஆஸ்பத்திரி நடையில் இன்னும் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

நாற்காலி முடிந்தது. ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவன் சொல்லவில்லை. அடுத்த நாற்காலி வந்தது. "அண்ணன் இன்னிக்கு முகம் கொடுத்தே பேசல", "இன்னிக்கு ஆள் வந்திருந்தாங்க", "அண்ணிக்கு உடம்பு சரியில்ல" என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். அவள் அடியிலிருந்து நார் வாங்குவாள். "ம்" சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது பெரியவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிப்ட் ஓட்ட ஆள் கேட்டிருந்தாங்க. சரின்னுட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து போறேன். பட்டறை தம்பி பேருக்கு இருக்கட்டும். அவன் ஒரு தச்சனை வச்சுக்கட்டும்."

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "லிப்ட்டா? உங்களுக்கென்ன தெரியும் அதுல?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு. பொத்தானை அழுத்தினா போயிடும். நாம மறக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

தம்பி தலையைத் தூக்கவில்லை. சின்னவள் அவனையே பார்த்தாள். அவன் ரொட்டியை டீயில் தோய்த்தான். வாயில் போடாமல் தோய்த்துக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போட்டாள்.

அன்று மதியம் கடையில் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். பெரியவர் தன் உளிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தம்பி மாடியில் இருந்தான்.

"மாமா" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்ததால் அவர் முதலில் நிமிரவில்லை. பிறகு பார்த்தார். "என்னம்மா?"

"நீங்க அன்னிக்குக் கொழுப்புப் பூசினீங்க. பூசத்தான் செஞ்சீங்க. உங்களுக்கு மறதி ஒண்ணும் இல்ல. இவர்தான் துடைச்சிருக்கார். சட்டையில சொட்டுச்சுன்னு ஆறையும் துடைச்சிருக்கார். என்கிட்ட சொல்லிட்டார்." கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். "நான் அன்னிக்கு உங்களைப் பேசினது..."

பெரியவர் கைக்குட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்ல மனசும்மா உனக்கு" என்றார். "நான் போறேன்னதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சீங்களாக்கும்."

"யோசிக்கல மாமா. சத்தியமா நடந்தது."

"டப்பாவை அவன்தான் எடுத்துட்டு வந்தான். கைக்குட்டையில ஒட்டாம எங்க ஒட்டும்? எனக்குத் தெரியும்மா. நான் அன்னிக்குப் பேசிட்டே ரொப்பினேன். எத்தனையோ தரம் நினைச்சுப் பார்த்துட்டேன். மருந்து கொட்டினது தெரியுது, குண்டு வச்சது தெரியுது, அதுக்கப்புறம் என் கை டப்பாவுக்குப் போகவே இல்ல. கண்ணை மூடினா அப்படித்தான் தெரியுது."

"நினைச்சு நினைச்சு அப்படி ஆயிடுச்சு மாமா."

"நீ கோவம் ஆறி வந்து மாமான்னு கூப்பிட்டியே, அதுவே போதும். அவன் மேல எதுக்குப் பழி போடறே? அவனுக்குக் கை போனது பத்தாதா?"

உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்து வந்தவள் சின்னவள். அதைச் சொன்ன பிறகும் அது ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மாடிப்படியில் சத்தம் கேட்டது. அவள் கணவன் பாதிப் படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"அவ சொல்றது நிஜம்ணே" என்றான்.

"நீயும் வந்துட்டியா?" என்றார் பெரியவர். "சரிப்பா. நிஜம்தான். போ, போய்ப் படு. குளிர்ல கை வலிக்கும் உனக்கு." உளியைத் துணியில் சுற்றப் போனார்.

தம்பிக்காரன் இறங்கி வந்து அந்த உளியைப் பிடுங்கி மேசையில் வைத்தான். "நம்ப மாட்டியா? அப்ப இதைக் கேளு. நீ பூட்டைப் பூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பியே, அதை நான் மாடி ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். தினம் பார்ப்பேன். அதைப் பார்க்கவே போய் நிப்பேன். நீ ரெண்டாவது தரம் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள்ள இதமா இருக்கும்ணே. சின்ன வயசுலேர்ந்து உன்னைத்தானே எல்லாரும் நல்ல வேலைக்காரன்னு சொன்னாங்க. நான் பெரியவரோட தம்பி, அவ்வளவுதான். எனக்குக் கை போச்சு, இவனுக்கும் ஏதோ போகுதுன்னு இருக்கும். ஒரு நாள் நீ பலகை பூரா கோடு போட்டுட்டு நின்னே. நான் பின்பக்கம் போய்ச் சிரிச்சுட்டு வந்தேன். ரம்பத்துல உன் சட்டை மாட்டினப்பதான் பயம் வந்துச்சு. அப்பவும் சொல்லல."

பெரியவர் தம்பியின் முகத்தையே பார்த்தார். ஆறுதலுக்காக ஆயிரம் பொய் சொல்லலாம். இப்படி ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். அது அவருக்குள் இறங்குவதைச் சின்னவள் கண்ணால் பார்த்தாள். தோள் இரண்டும் முதலில் தளர்ந்தன, பிறகு விறைத்தன.

அறைந்தார். ஒரே அறை. தம்பி மரச்சட்டங்களின் மேல் சாய்ந்து, விரல் போன கையை ஊன்றி, வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு அக்கா படியிறங்கி ஓடிவந்தாள். "என்னாச்சு? ஏங்க, கையில்லாத பிள்ளையை..." என்றாள்.

"என் பட்டறையில இவன் நிக்கக் கூடாது" என்றார் பெரியவர். வேறு எதுவும் சொல்லவில்லை. சுற்றி வைத்த உளிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடியும் சுவர்ச் சட்டத்தில் மாட்டத் தொடங்கினார்.

சின்னவள் கணவனைத் தூக்கி நிறுத்திவிட்டு, போகிற போக்கில் அவரிடம், "நான் ஆஸ்பத்திரியில பேசினதை மனசுல வச்சுக்காதீங்க மாமா" என்றாள்.

"பேசினது பேசினதுதான்மா" என்றார் அவர், திரும்பாமல்.

அந்த வாரமே பின்தெருவில் ஓர் அறை பார்த்துப் போய்விட்டார்கள். அக்கா அழுதுகொண்டே பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தாள். பெரியவர் லிப்ட் வேலைக்குப் போகவில்லை. அவருடைய சந்தேகம் ஒரே நாளில் விட்டுப் போகவும் இல்லை. சில நாள் ஒரே கோட்டில் அறுப்பார், சில நாள் பழையபடி அளந்துகொண்டே நிற்பார் என்று அக்கா வந்து சொன்னாள். பிரம்பு வேலைக்கு அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. அதனால் நாற்காலிகள் வந்தன. சின்னவள்தான் போய் எடுத்துவருவாள். பின்னி முடித்ததும் அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். பெரியவர் அவளிடம் நாற்காலியைப் பற்றி மட்டும் பேசுவார். தம்பி பேரை எடுக்க மாட்டார். அவனும் அந்தத் தெரு வழியாகப் போக மாட்டான். இஸ்திரி போட்ட சட்டையையும் விட்டுவிட்டான். கசங்கியதையே போட்டுக்கொண்டான்; அவள் தேய்த்து வைத்தால் தொட மாட்டான்.

கடும் குளிர் நாள் ஒன்றில் அவள் கொண்டுபோன நாற்காலியைப் பெரியவர் வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் பின்னலைத் தட்டிப் பார்த்தார்.

"தொய்வா இருக்கே. மேல் கை சரியா அழுத்தல."

"குளிரு மாமா. உட்கார முடியல அவருக்கு. கை வலிக்குது."

"எந்தக் கை?"

"அந்தக் கைதான். விரல் இல்லாத இடத்துல வலிக்குதாம். தூக்கமே இல்ல."

பெரியவர் இழைப்புளியை எடுத்துப் பலகையில் வைத்தார். "வலிக்கட்டும்" என்றார். ஒரு இழை இழைத்தார். சுருள் உருண்டு கீழே விழுந்தது.

அவள் பின்னவேண்டிய அடுத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சின்னவளே."

நின்றாள்.

"வெந்நீர்ல கல்லுப்பு போட்டு அமுக்கி வைக்கச் சொல்லு. ரொம்பச் சூடு வேணாம். அவனுக்குச் சின்னதுலேர்ந்தே சூடு தாங்காது. நான் சொன்னேன்னு சொல்லாதே."

"சொல்லல மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். கல்லுப்பு இல்லை, கீழ்வீட்டில் போய் ஒரு கை வாங்கிவந்தாள். அகலப் பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அவன் முன்னால் வைத்தாள். "கையைக் கொடுங்க" என்றாள்.

அவன் தயங்கிக் கையை விட்டான். தண்ணீருக்கடியில் கரையாமல் கிடந்த உப்புக் கற்களைச் சுண்டுவிரலால் தொட்டான். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல அவன்தான் எனக்கு இப்படிக் கல்லுப்பு போட்டு வைப்பான். அண்ணன் சொன்னானா?"

அவள் அடுப்பை அணைக்கத் திரும்பினாள். அவன் மணிக்கட்டு முங்கும்வரை கையை உள்ளே விட்டான்.